ஊமைப் பிராக்டிஸ்

"கேசவா" என்று கூப்பிட்டுக்கொண்டே அழகியநம்பி வாசல்படி ஏறினான். உதடு முதலில் அசைந்தது, குரல் அதற்கப்புறம் வந்தது. நடுவே இருந்த இடைவெளி கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். கேசவ் கவனித்தான். போன மாதம்தான் புதுக் கண்ணாடி போட்டிருந்தான் என்பதால் பழியைக் கண்ணாடிமேல் போட்டான்.

ஆறு வருஷத்தில் நம்பி கொஞ்சம் சதை போட்டிருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. ஜூன் மாதப் புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தான். அதன் அடியில் என்ன தழும்பு இருக்கிறது என்று கேசவுக்குத் தெரியும். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு நம்பி பழைய சிரிப்பைச் சிரித்தான். கேசவ் முகத்தைப் பார்க்காமல் குடையைப் பார்த்தபடி, "வா, உள்ள வா, உக்காரு" என்றான். தன் குரலில் இருந்த அசட்டு உற்சாகம் அவனுக்கே சகிக்கவில்லை.

பத்மப்ரியா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்கோ. உங்களைப் பத்தி இவர் சொல்லாத நாளே கிடையாது."

இது பச்சைப் பொய். கேசவ் அந்தப் பெயரை வீட்டில் எடுப்பதே இல்லை. ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில், கல்லாற்றில் நடந்ததைப் பற்றி அவளிடம் ஒரு கதை சொல்லியிருந்தான். வெள்ளத்தில் சிக்கிய சிநேகிதனைக் காப்பாற்றத் தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதாக ஒரு கதை. நாலு வருஷமாக அவள் அதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அது எப்படியாவது அவள் வாயிலிருந்து வராமல் இருக்க வேண்டும், நம்பியின் வாயிலிருந்து நிஜம் வராமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் நினைத்து நினைத்துக் கேசவ் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"நல்லாருக்கியளா மைனி?" என்றன நம்பியின் உதடுகள். அவை மூடிய பிறகுதான் கேள்வி காதில் விழுந்தது. பத்மப்ரியா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

இரண்டாம் கட்டு அறையில் சஜி டிரம்ஸைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். பாறசாலைக்காரன். இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். காலேஜ் பொன்விழாவில் பழைய பாண்ட் ஒரு தடவை மேடையேற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, நாகர்கோவில் விலாசம் தேடிப்பிடித்து, நம்பிக்குக் கடிதம் போட்டு வரவழைத்தவன் அவன்தான். பேஸ் வாசிக்கிற திரவியம் மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வருவான். 'டாம்ப் மேட்சஸ்' என்று பாண்டுக்குப் பெயர் வைத்ததும் சஜிதான். திருவனந்தபுரத்து மழையில் எந்தத் தீக்குச்சியும் முதல் உரசலில் பற்றியதில்லை என்பது அவன் சொன்ன காரணம்.

கரமனை அக்ரகாரத்தில், இதே அறையில், அவர்கள் மூன்று வருஷம் வாசித்தார்கள். வாசித்தார்கள் என்று சொல்வதுகூடப் பாதிதான் சரி. கேசவின் அப்பா சுந்தரராமன் ஒரு சட்டம் போட்டிருந்தார்: சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை இந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வெளியே போகக் கூடாது. பக்கத்து வீட்டில் அப்போது சகஸ்ரநாமம் நடக்கும். நாலு பேரும் ஒன்றுசேர முடிந்த நேரமும் அது ஒன்றுதான். அதனால் கிடாரை ஆம்ப்பில் சொருகாமல் மீட்டுவார்கள். சஜி தலையணையில் அடிப்பான். நம்பி குரலே எடுக்காமல் உதட்டை மட்டும் அசைப்பான். இதற்கு ஊமைப் பிராக்டிஸ் என்று பெயர். எந்த வரி ஓடுகிறது என்பதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் தேறியவன் கேசவ் ஒருவன்தான். நம்பிக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவன் வாயைப் படிப்பான்; மற்ற இரண்டு பேரும் கேசவின் கையைப் பார்த்து வாசிப்பார்கள். கடைசியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று நம்பி முணுமுணுப்பதைக்கூட கேசவ் அப்படியே திருப்பிச் சொல்லுவான்.

இன்றைக்கு அப்பா சென்னையில் அக்கா வீட்டில். மணி நாலரை. ஆம்ப்பைப் போட்டதும் சூடான தூசி வாசனை எழுந்தது. சுவரோரம் கிடந்த ஈரச் சாக்கின் வாசனையும் சமையலறையிலிருந்து வந்த காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையும் அதோடு கலந்தன. ஓட்டில் மழை விட்டு விட்டுத் தட்டியது. நம்பி மைக்கை எடுத்தான். சஜி நாலு எண்ணினான்.

குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தொண்டையில் குழாய் போட்டிருந்தவனின் குரல் மாதிரியே இல்லை. அதே கனம், மேலே போகும்போது அதே லேசான கீறல். கேசவுக்கு முதலில் வந்தது நிம்மதிகூட இல்லை, பொறாமை. இத்தனைக்கப்புறமும் பொறாமைதானா என்று தன்னை நினைத்து அவனுக்குக் கூசியது.

"எடே கேசவா, என்ன இந்த ஓட்டம் ஓடுகே?" சஜி பாதியில் நிறுத்தினான். "நீ ஒரு பீட் முன்னாடி போற. ஸ்லோவாப் போனாப் போதும்."

கேசவ் மறுபடி தொடங்கினான். மறுபடியும் முந்தினான். அப்போதுதான் புரிந்தது. சஜி நம்பியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து குரலைக் கேட்டு அடிக்கிறான். கேசவின் கை, பழைய பழக்கத்தில், உதட்டைப் பார்த்துப் போகிறது. உதடு ஒரு பீட் முன்னால் இருக்கிறது.

இரண்டாவது பாட்டில் அது நாலு பீட் ஆயிற்று. மூன்றாவதில் ஒரு முழு வரி. மைக் பாதி வாயை மறைத்தது என்றாலும் கேசவுக்குத் தெரிந்தது. நம்பி வாயை மூடி எச்சில் விழுங்கும்போது அவன் குரல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. சஜிக்கு அது தெரியவில்லை. பத்மப்ரியா இடையில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனாள், அவளுக்கும் தெரியவில்லை. யாரும் யாருடைய வாயையும் உற்றுப் பார்ப்பதில்லை. கேசவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். ஒன்றும் மாறவில்லை.

அவனுக்குக் கல்லாறு ஞாபகம் வந்தது. வந்தது என்ன, அது எப்போது போயிற்று?

தொண்ணூற்றிரண்டு. பொன்முடியில் ஒரு எஸ்டேட் கிளப்பில் வாசிக்கப் போனார்கள். மலை ஏறுமுன் கல்லாற்றில் ஜீப்பை நிறுத்தி டீ குடித்தார்கள். அன்று காலையில்தான் மெட்ராஸ் காஸெட் கம்பெனிக்காரர் போனில் சொல்லியிருந்தார்: பாடுகிற பையன் மட்டும் போதும், மற்றவர்கள் வேண்டாம். கேசவ்தான் போனை எடுத்தான். வழி முழுக்க அவன் யாரிடமும் பேசவில்லை.

நம்பி பாறை பாறையாகத் தாவி ஆற்றின் நடுவுக்குப் போய் நின்றான். மேலே எங்கோ பெய்த மழை தண்ணீராக இறங்கியது கண்மூடித் திறக்கும் நேரத்தில். நிறம் மாறிற்று, இரைச்சல் ஏறிற்று. நம்பி முப்பதடி தூரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்ன சொல்லுகான்டே?" என்று சஜி ஜீப்படியிலிருந்து கேட்டான். வாய் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தானே.

கயிறு, கேசவா, கயிறைப் போடு. அதுதான் நம்பி சொன்னது. திரும்பத் திரும்ப அதையே சொன்னான். டிரம்ஸைக் கட்டியிருந்த கயிறு ஜீப்பில் இருந்தது, கையெட்டும் தூரத்தில்.

"பாடறான். ஊமைப் பிராக்டிஸ்" என்றான் கேசவ்.

சஜி விழுந்து விழுந்து சிரித்தான். காற்றில் டிரம்ஸ் அடித்தான். திரவியம், கையில் இல்லாத பேஸை மீட்டினான். கேசவும் கிடார் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டான். கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் நினைத்தான், சத்தியமாக அவ்வளவுதான். ஒரு நிமிஷம் கழித்துக் கயிற்றை எடுக்கலாம் என்றிருந்தான். ஆறு அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

அரை மைல் கீழே ஈற்றை மூங்கில் புதரில் சிக்கி நம்பி பிழைத்தான். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். கேசவ் ஒரு தடவை போனான். கட்டிலில் கிடந்தவன் தொண்டையில் குழாயோடு உதடுகளை அசைத்தான். கேசவ் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். நம்பியின் அம்மா கையைப் பிடித்து, "அவன் கூப்பிட்டது உனக்குக் கேக்கவே இல்லையாப்பா?" என்று கேட்டாள். "ஒண்ணும் கேக்கலை" என்றான். அது பொய் இல்லை என்று ஆறு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். கேட்கவில்லைதானே. அப்புறம் நம்பியின் வீட்டார் சாலை பஜாரில் வைத்திருந்த கடையை மூடிவிட்டு நாகர்கோவிலுக்குப் போனார்கள். நம்பியின் இடத்தில் கேசவ் பாடகன் ஆனான். எட்டு மாதத்தில் பாண்ட் படுத்துவிட்டது.

மணி ஆறே கால் தாண்டியபோது பத்மப்ரியா காப்பி கொண்டுவந்தாள். நம்பி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்து உதட்டை அசைத்தான். நல்ல காப்பி மைனி. குரல் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேசவ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

"இவர் மாத்திரம் அன்னிக்கு ஆத்துல எறங்கலைன்னா என்னாயிருக்கும்?" என்றாள் பத்மப்ரியா.

சஜி டம்ளரைக் கீழே வைத்தான். "யாரு எறங்கினா?"

சஜி கேசவின் முகத்தைப் பார்த்தான். பத்மப்ரியாவைப் பார்த்தான். அவன் நல்லவன். "ஆமா, ஆமா. எறங்கினான்" என்று குனிந்து டிரம்ஸ் திருகை இறுக்கத் தொடங்கினான். அந்தக் கருணையைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம். கேசவுக்குக் காது மடல்கள் கொதித்தன.

நம்பி கேசவை நேராகப் பார்த்தான். உதடுகள் நிதானமாக அசைந்தன. நீ கரையில நின்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தே. நான் கயிறு கேட்டது உனக்குத் தெரியும்லா.

அறையில் "நல்ல காப்பி மைனி" என்றது அவன் குரல்.

கடிகாரத்தில் ஐம்பது விநாடி ஆகியிருந்தது. இன்னும் ஐம்பது விநாடியில் அடுத்த வார்த்தைகள் வரும், பத்மப்ரியா நின்றுகொண்டே இருக்கிறாள். கேசவ் எழுந்தான். ஆம்ப்பின் திருகைக் கடைசிவரை திருப்பினான். கிடாரை வாரி எடுத்து ஆறு தந்திகளையும் சேர்த்து அடித்தான். பாத்திர அலமாரி அதிர்ந்தது. பத்மப்ரியா காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலை அறைந்து மூடினார்கள். சஜி ஏதோ கத்தினான். கேசவ் நிறுத்தவில்லை. நம்பி பேசிக்கொண்டே இருந்தான், சாவகாசமாக, ஒரு வரி விட்டு ஒரு வரி, ஜீப், கயிறு, சிரிப்பு, ஆஸ்பத்திரித் தரை; அவ்வளவையும் கேசவ் படித்தான், படித்ததை எல்லாம் மூட அடித்தான். முப்பத்தைந்து வயது ஆள், சொந்த வீட்டில், பெண்டாட்டி காதில் ஒரு வாக்கியம் விழாமல் இருக்க இப்படி அடித்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்தது. விரல் நுனி எரிந்தது. தந்தி ஒன்று அறுந்தது.

ஆறரைக்குக் கரண்ட் போயிற்று. தினசரி அரை மணி நேர லோட் ஷெட்டிங். இந்தத் தெருவின் முறை. அவன் மறந்துவிட்டிருந்தான்.

ஆம்ப் செத்தது. அறை முழுக்க மங்கலான நீலம். மழை. யாரோ மூச்சு விடுவது. தன்னுடையதுதான்.

"உனக்கு என்னமாம் பிராந்து பிடிச்சிருக்கா?" என்றான் சஜி. பிறகு, பழைய ஞாபகத்தில், அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி விடு. கரண்ட் இல்ல, சகஸ்ரநாமம் நேரம் வேற. ஊமைப் பிராக்டிஸ்தான். தலையணை எங்கடே?"

பத்மப்ரியா எமர்ஜென்ஸி விளக்கைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். வெள்ளை வெளிச்சம் நம்பியின் முகத்தில் மட்டும் விழுந்தது. கேசவ் பழைய இடத்தில் உட்கார்ந்தான். நேர் எதிரே. கால்கள் தாமாக அங்கே கொண்டுபோய் விட்டன.

குரல் வரவில்லை. இடைவெளி இன்னும் நீண்டிருக்க வேண்டும். வர வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் எங்கோ வரிசையில் நிற்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வரும்.

நம்பியின் உதடுகள் அசைந்தன. கோபமே இல்லை அவற்றில்.

கேசவா, நீயே சொல்லிரு. நான் சொல்ல வேண்டாம்.

மறுபடியும் அதே. நீயே சொல்லிரு.

சஜி தலையணையைத் தட்டிக்கொண்டு காத்திருந்தான். "எந்தப் பாட்டுடே? என்ன சொல்லுகான்?"

சொல்லிவிடலாம். நாலு வாக்கியம். நான் இறங்கவில்லை. அவன் கயிறு கேட்டான். எனக்குத் தெரியும். நான் கொடுக்கவில்லை. நாக்குவரை வந்துவிட்டது. சொன்னால் தலைக்கு மேலே இருந்து என்னவோ இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆறு வருஷமாக அவன் வேண்டிக்கொண்டதும் அதுதான். பத்மப்ரியா கதவில் சாய்ந்து நின்றாள். இதற்கு முன் அவன் பாண்டில் வாசித்து அவள் பார்த்ததே இல்லை. ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டுதான்" என்றான் கேசவ். "பாடறான்."

நம்பி வாயை மூடினான்.

சஜி தலையணையில் அடித்தான். சத்தம் இல்லை.

இன்னொரு தடவை ஓங்கி அடித்தான். பஞ்சு அமுங்கியது. சத்தம் இல்லை. கேசவ் தந்தியை இழுத்தான். தந்தி நடுங்கியது. அவ்வளவுதான். மழை ஓட்டிலிருந்து தாரையாக முற்றத்தில் விழுந்தது. அதற்கும் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு ஜபம் இல்லை. அவன் மூச்சு இல்லை.

கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

நம்பி உட்கார்ந்திருந்தான். உதடுகள் இறுக்கமாக மூடியிருந்தன. ஆனால் சஜி அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். எதையோ கேட்கிற முகம். பத்மப்ரியாவும் தலையைச் சாய்த்தாள். இரண்டு பேரும் நம்பியின் பக்கம் திரும்பி நின்றார்கள். வெகுநேரம் கேட்டார்கள். நம்பியின் வாய் மூடியே இருந்தது. பத்மப்ரியாவின் கை மெல்ல எழுந்து தன் கழுத்தைத் தொட்டது. முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வடிந்தது. பிறகு இருவரும் கேசவைப் பார்த்தார்கள்.

"என்ன கேட்டது?" என்று கேசவ் கத்தினான். தொண்டை வலித்தது. சத்தம் இல்லை. "பத்மா, என்ன சொன்னான்?"

அவள் உதடுகள் அசைந்தன. அவனால் படிக்க முடிந்தது.

கயிறு, கேசவா.

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

சஜியின் உதடுகளும். கயிறைப் போடு. இருவரும் சேர்ந்து. ஒரே சமயம் திறந்து, ஒரே சமயம் மூடி. கண்ணில் ஒன்றும் இல்லை. வாய் மட்டும்.

கேசவ் கிடாரைப் போட்டுவிட்டு ஓடினான். ரேழி. வாசல். தெருவில் வெளிச்சம் முழுக்கப் போகவில்லை. எதிர் வீட்டு வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்த ரத்னாபாய் நிமிர்ந்தாள். குடை பிடித்துக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று பேர் நின்றார்கள். சைக்கிளில் வந்தவன் ஒரு காலை ஊன்றினான். ஜன்னல்கள். ஜன்னல்களில் முகங்கள். எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தது.

கயிறு.

எல்லா வாயும் ஒன்றாக மூடிற்று.

கேசவா.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். நிம்மதியாக இருந்தது, ஒரு விநாடி. இருட்டு. அமைதி. படிக்க ஒன்றும் இல்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினான்.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ அசைந்தது. அவன் வாய். அது தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டிருந்தது. அழுத்திப் பிடித்தான். நிற்கவில்லை. என்ன சொல்கிறது என்று அவன் விரல்கள் படித்துக்கொண்டிருந்தன.